“கவனமா எழுதுங்க” என்பது தீர்வு இல்லை

போன வாரம் விடுதியில் ஒரு சண்டை. அடிதடி இல்லை, தேத்தண்ணி ஆறிப்போகிற அளவுக்கு ஒரு வாக்குவாதம். லினக்ஸ் கர்னலின் வலையமைப்புப் பகுதியில் 2010இல் பிடிபட்ட ஒரு ஓட்டையைப் பற்றி வாசித்துவிட்டு, பொறியியல் பீட நண்பன் ஒருவனிடம் சந்தேகம் கேட்கப் போனேன். முழுசாகக் கேட்கக்கூட விடவில்லை. “மச்சான், இது உனக்கு எதுக்கு? நீ ஆர்ட்ஸ்தானே. யாரோ ஒருத்தன் கவனமில்லாம எழுதிட்டான், திருத்திட்டாங்க, கதை முடிஞ்சுது.”

கதை முடியவில்லை. அவன் சொன்னதில் இரண்டு பிழை இருக்கிறது. “உனக்கு எதுக்கு” என்பது ஒன்று. “யாரோ ஒருத்தன் கவனமில்லாம” என்பது மற்றது. இரண்டாவதை முதலில் எடுக்கிறேன். அதற்குப் பதில் சொன்னால் முதலாவதுக்கும் பதில் வந்துவிடும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நான் மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன். எங்களுக்கு முகவரி என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும், ஏனென்றால் எங்களுக்கு முகவரி இல்லை. லயத்தில் இருக்கிற அத்தனை குடும்பத்துக்கும் தோட்டத்தின் பெயர்தான் முகவரி. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும். அங்கே இருக்கிற கிளாக்கர் யாரிடமாவது கொடுத்துவிடுவார். அது வந்து சேர்ந்தால் சேர்ந்தது. எனக்கு வந்த ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம் நேர்முகம் முடிந்து நாலு நாள் கழித்துக் கைக்கு வந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. சரிபார்க்கிற ஏற்பாடு எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரிலும் போனிலும் கர்னல் என்பது அந்த ஆபீஸ் மாதிரி. எல்லா அறைக்கும் சாவி அதனிடம் இருக்கிறது. நாங்கள் பாவிக்கிற செயலிகளுக்கு, வாட்ஸ்அப்பாக இருக்கட்டும் பிரவுசராக இருக்கட்டும், தங்கள் சொந்த அறைக்கு மட்டும்தான் சாவி. இணையத்தில் ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்றால் செயலி கர்னலிடம் போய், “இந்த முகவரியில் என் செய்தி இருக்கு, எடுத்து அனுப்பு” என்று கேட்க வேண்டும். செய்தி வாங்க வேண்டும் என்றால், “வந்ததை இந்த முகவரியில் வை” என்று கேட்க வேண்டும். முகவரி என்பது வெறும் ஒரு எண். எந்த எண்ணையும் யாரும் எழுதிக் கொடுக்கலாம்.

இங்கேதான் கர்னல் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: நீ தந்த முகவரி உன் அறைக்கு உள்ளேதானா? இல்லை, என் அறையையே எழுதித் தந்துவிட்டாயா? கேட்காமல் வைத்தால், சாவி இல்லாதவன் சாவி உள்ளவன் கையாலேயே வேலையை முடித்துவிடுவான். இந்தச் சோதனைக்கு லினக்ஸில் ‘அக்சஸ்_ஓகே’ என்று பெயர். ‘கொப்பி_ஃப்ரொம்_யூசர்’, ‘கொப்பி_டு_யூசர்’ என்ற இரண்டு வழிகளும் இந்தச் சோதனையைச் செய்த பிறகுதான் தரவை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தும். சோதனை என்றால் ஒரு ஒப்பீடுதான். எண் எல்லைக்குக் கீழே இருக்கிறதா, அவ்வளவே.

இனி 2010. ஒரக்கிள் நிறுவனம் தன் தரவுத்தள சேவையகங்களுக்காக ஆர்.டி.எஸ் என்ற ஒரு வலையமைப்பு நெறிமுறையை உருவாக்கியது. அது 2009இல், லினக்ஸ் 2.6.30 பதிப்பில் கர்னலுக்குள் வந்தது. வந்த தரவைப் பயனரின் முகவரிக்கு நகர்த்துகிற இடத்தில், எழுதியவர்கள் வழக்கமான வழியைப் பாவிக்கவில்லை. இன்னும் வேகமான ஒரு உள்வழி இருக்கிறது. அது முகவரியைச் சோதிக்காது, ஏனென்றால் தன்னை அழைப்பவர் ஏற்கெனவே சோதித்துவிட்டார் என்று நம்பும். அழைத்தவர் சோதிக்கவில்லை. உள்வழி சரிவராவிட்டால் போகிற மாற்று வழியிலும் சோதனை இல்லை.

2010 ஒக்டோபரில் டேன் ரோசன்பேர்க் என்ற ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். சி.வி.ஈ-2010-3904 என்பது அதன் இலக்கம். தாக்குதல் எவ்வளவு எளிது என்று பாருங்கள். சாதாரணப் பயனர் ஒரு ஆர்.டி.எஸ் சொக்கெட்டைத் திறக்கிறார். தனக்குத் தானே ஒரு செய்தி அனுப்புகிறார். வாங்குகிற முகவரியாகக் கர்னலின் சொந்த நினைவகத்தின் ஒரு இடத்தைக் கொடுக்கிறார். கர்னல் கேள்வி கேட்காமல் தன் மேலேயே அவர் சொன்னதை எழுதிக்கொள்கிறது. அடுத்த நிமிடம் அந்தப் பயனர் முழு இயந்திரத்துக்கும் சொந்தக்காரர்.

நண்பன் சொல்வது போல இதைக் கவனக்குறைவு என்று விட்டுவிடலாமா? அந்த வரிகளை எழுதியவர்கள் தூங்கிக்கொண்டு எழுதவில்லை. வேகம் வேண்டும் என்று தெரிந்தே அந்த வழியைத் தேர்ந்தார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத் திருத்தியபோது செய்தது ஒன்றுதான். கெட்டிக்காரத்தனமான வழியைத் தூக்கிவிட்டு எல்லோரும் பாவிக்கிற சாதாரண வழியை வைத்தார். அந்தத் திருத்தத்துடன் அவர் எழுதிய விளக்கத்தின் சாரம் என்ன தெரியுமா? அந்தக் கெட்டிக்காரத்தனம் பழைய 32 பிட் இயந்திரங்களை மனசில் வைத்துச் செய்தது; நடப்பில் இருக்கிற சிப்களில் சாதாரண வழியை விட அது உண்மையில் மெதுவானது. அதாவது வேகத்துக்காகப் பாதுகாப்பை விற்றார்கள், அந்த வேகமும் கைக்கு வரவில்லை.

“ஓவரா செக் பண்ணினா ஸ்லோவாகும்” என்று சொல்கிற எவரிடமும் இனி நான் கேட்கப்போகிற கேள்வி இது: அளந்து பார்த்தீர்களா?

2005இல் நடந்த இன்னொரு கதை. இது எங்கள் ஆட்களுக்குச் சட்டென்று விளங்கும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், தராசில் காட்டுவது ஒன்று, புத்தகத்தில் ஏறுவது இன்னொன்று. தண்ணிக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு என்று நடுவில் எண் மாறிவிடும். நிறுத்த நேரமும் எழுதின நேரமும் வேறு வேறாக இருக்கிற வரைக்கும் ஏமாற்ற இடம் இருக்கிறது. கர்னலில் இதே ஏமாற்று தலைகீழாக நடக்கும். ‘சென்ட்மெசேஜ்’ என்கிற அழைப்பில் பயனர் செய்தியோடு சில கட்டுப்பாட்டுத் தகவலையும் அதன் நீளத்தையும் தருவார். கர்னல் முதலில் ஒருமுறை நீளத்தை வாசித்து, எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டது. பிறகு கொப்பி பண்ணும்போது பயனரின் நினைவகத்தில் இருந்து அதே நீளத்தைத் திரும்பவும் வாசித்தது. இரண்டுக்கும் நடுவில் அதே செயலியின் இன்னொரு இழை அந்த எண்ணை மாற்றிவிட்டால்? சின்ன இடத்துக்குள் பெரிய மூட்டை விழும், பக்கத்தில் இருப்பதெல்லாம் அழியும். சி.வி.ஈ-2005-2490 என்று அதற்கு இலக்கம், 2.6.13.1இல் திருத்தினார்கள். இதில் முகவரி சரியாகத்தான் இருந்தது. இரண்டு தடவை பார்த்ததுதான் பிழை. ஒருமுறை எடு, உன் பக்கத்துக்குக் கொண்டுவா, பிறகு உன்னிடம் இருக்கிற பிரதியை மட்டும் பார் என்பதுதான் பாடம்.

அடுத்தது 2014 ஜனவரி. ‘ரிசீவ்எம்மெசேஜ்’ என்று ஒரே அழைப்பில் பல செய்திகளை வாங்குகிற ஒரு வசதி. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைப் பயனர் ஒரு முகவரியில் எழுதித் தருவார். எக்ஸ்32 என்ற வகைச் செயலிகளுக்கான பாதையில், அந்தப் பயனர் முகவரியைக் கர்னலின் சொந்த முகவரி என்று பாவித்து நேராக உள்ளே அனுப்பிவிட்டார்கள். சோதனையும் இல்லை, கொப்பியும் இல்லை. சி.வி.ஈ-2014-0038. 2012இல் வந்த 3.4 பதிப்பில் இருந்து அது அங்கேயே இருந்தது.

2005, 2010, 2014. வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கோப்புகள், ஒரே வகைத் தவறு. இவர்கள் உலகத்தின் மிகத் திறமையான நிரலாளர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். எழுதியதை மற்றவர்கள் வாசித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் உள்ளே போனது. இவ்வளவு பேர் பார்த்தும் அதே தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அதை ஒரு ஆளின் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. படியில்லாத சரிவில் மழை நாளில் பத்துப் பேர் வழுக்கி விழுந்தால், பத்துப் பேருக்கும் நடக்கத் தெரியாது என்று சொல்கிறவன் அந்த வழியைப் போட்ட ஆளாகத்தான் இருப்பான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆர்.டி.எஸ் பெரிய தரவுத்தள நிலையங்களுக்கானது. எக்ஸ்32 செயலிகளைப் பாவித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். 2010 டிசம்பரில் வெளியான இன்னொரு தாக்குதலுக்கு உதவியது ஈகோநெட் என்ற நெறிமுறை. அது 1980களில் ஏகோர்ன் கம்ப்யூட்டர்களுக்காக வந்தது. இவை எதுவும் சாதாரண ஆளுக்குத் தேவையில்லை. ஆனால் பல லினக்ஸ் விநியோகங்களில் பகுதியாக உள்ளே கிடந்தன. யாராவது அந்த வகைச் சொக்கெட்டைக் கேட்டாலே போதும், கர்னல் தானாக அந்தப் பகுதியை ஏற்றிக்கொள்ளும். ஆர்.டி.எஸ்ஸை ஏற்றாமல் தடுக்க அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரி முன்னாலேயே அங்கே இல்லை. பெரிய இடங்களின் தேவைக்காகத் திறந்து வைத்த கதவு எல்லோருடைய வீட்டிலும் திறந்தே கிடந்தது.

அப்படியானால் என்ன செய்வது? நல்ல பதில்கள் ஏற்கெனவே வந்திருக்கின்றன. அவற்றில் எதுவும் “கவனமா இருங்க” என்று சொல்வதில்லை. அதனால்தான் அவை நல்ல பதில்கள்.

2003இல் டோர்வால்ட்ஸே ‘ஸ்பார்ஸ்’ என்ற ஒரு சோதனைக் கருவியை எழுதினார். பயனரிடமிருந்து வந்த முகவரிக்கு ‘யூசர்’ என்று ஒரு அடையாளம் ஒட்டப்படும். அதைக் கழற்றிவிட்டு நேராகப் பாவித்தால் கருவி எச்சரிக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் அதை ஓட்டிப் பார்க்கிறவன் இருந்தால்தான் எச்சரிக்கை.

அடுத்தது சிப்பிலேயே. இன்டெல் சிப்களில் ஸ்மாப், ஆர்ம் சிப்களில் பான் என்று ஒரு வசதி வந்தது. கர்னல் உரிய வழியில் போகாமல் பயனரின் நினைவகத்தைத் தொட்டால் சிப்பே நிறுத்திவிடும். நேராகத் தொடுகிற தவறு இதனால் வீட்டிலேயே, சோதிக்கும்போதே வெளியே வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. கர்னலுக்குள் ‘செட்_எஃப்எஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருந்தது. பயனர் முகவரிக்காக எழுதிய வழிகளைக் கர்னல் தன் சொந்த முகவரிகளுக்கும் பாவிக்க ஆசைப்பட்டால், கொஞ்ச நேரத்துக்குச் சோதனையை அணைத்து வைக்கலாம். திரும்பப் போட மறந்தால்? அல்லது அணைத்து வைத்த நேரத்தில் கர்னல் தடுக்கி விழுந்தால்? நான் மேலே சொன்ன ஈகோநெட் தாக்குதல் இதைத்தான் பிடித்துக்கொண்டது. நெல்சன் எல்ஹேஜ் கண்டுபிடித்த அந்த ஓட்டையில், சோதனை அணைந்திருந்த நிலையில் கர்னல் விழுந்து, துப்புரவு வேலையின்போது பயனர் சொன்ன முகவரியில் சோதிக்காமல் எழுதியது. இதற்குப் பிறகு பத்து வருடம் கழித்துத்தான் கிறிஸ்டோஃப் ஹெல்விக் போன்றவர்கள் சுவிட்சையே பிடுங்க ஆரம்பித்தார்கள். 2020 டிசம்பரில் வந்த 5.10இல் எக்ஸ்86 இயந்திரங்களில் அது போனது. 2022இல் வந்த 5.18இல் முழுதாகவே போனது. அதற்கு வழி விட, வலையமைப்புப் பகுதியின் ‘செட்சொக்ஆப்ட்’ வழிகளில் புதிய ஒரு வகையைக் கொண்டுவந்தார்கள். முகவரியோடு அது யாருடையது, பயனருடையதா கர்னலுடையதா என்ற தகவலும் சேர்ந்தே பயணிக்கும். கடித உறையில் லய எண்ணும் அறை எண்ணும் எழுதியிருப்பது போல. கிளாக்கரின் ஞாபகசக்தியை நம்ப வேண்டியதில்லை.

ரஸ்ட் மொழியும் 2022இல் 6.1 பதிப்போடு கர்னலுக்குள் வந்துவிட்டது. அதில் பயனர் நினைவகத்தை வாசிக்கிற கருவி, வாசித்த இடத்தைத் தாண்டி முன்னால் நகர்ந்துகொண்டே போகும். அதே இடத்தைத் தெரியாமல் இரண்டாம் தடவை வாசிப்பது கஷ்டம். 2005இன் பாடத்தை ஆளுக்கு ஆள் மனப்பாடம் பண்ணத் தேவையில்லாமல் கருவிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. கொப்பி பண்ணுவதற்கு விலை உண்டு. பெரிய காணொளி சேவையகம் ஒவ்வொரு பைட்டையும் இரண்டு தடவை நகர்த்தினால் மின்சாரமும் நேரமும் போகும். அதனால்தான் 2017இல் 4.14 பதிப்பில் கொப்பி இல்லாமல் அனுப்புகிற வழியைச் சேர்த்தார்கள். ஆனால் அதன் ஆவணத்தை வாசித்துப் பாருங்கள். சுமார் 10 கிலோபைட்டுக்கு மேற்பட்ட அனுப்புதல்களுக்குத்தான் பொதுவாகப் பலன் என்று அதிலேயே இருக்கிறது. கர்னல் “முடிந்தது” என்று சொல்லும்வரை அந்த நினைவகத்தை மாற்றக்கூடாது என்ற நிபந்தனையும் இருக்கிறது. அதாவது வேகம் வேண்டும் என்றால் அளந்து, எல்லை போட்டு, விதி எழுதிச் செய்யலாம். நான் எதிர்ப்பது வேகத்தை இல்லை. அளக்காமல் வேகம் என்று சொல்லிக்கொண்டு, வரப்போகிற நஷ்டத்தை வேறு யார் தலையிலோ கட்டுவதைத்தான்.

அந்த வேறு யார், யார்? இப்போது “உனக்கு எதுக்கு” என்ற கேள்விக்கு வருகிறேன்.

அன்ட்ரொய்ட் போன் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓடுவது லினக்ஸ் கர்னல். பயனர் முகவரியில் இருந்து ஒரு சின்ன எண்ணை எடுக்க ‘கெட்_யூசர்’, வைக்க ‘புட்_யூசர்’ என்று இரண்டு வழி உண்டு. சொக்கெட் அமைப்புகளை மாற்றுகிற இடங்களிலும் இவை வரும். போன்களில் இருந்த ஆர்ம் சிப் வகைகளுக்கான பதிப்பில் இந்த இரண்டு வழிகளிலேயே முகவரிச் சோதனை விடுபட்டிருந்தது. சி.வி.ஈ-2013-6282. எழுதியவர் சரியான வழியைத்தான் பாவித்தார், வழிக்குள்ளேயே பள்ளம். அது 2012இல் வந்த 3.5.5 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. ஆனால் 2013 ஒக்டோபர், நவம்பரில் அதே ஓட்டையால் அன்ட்ரொய்ட் போன்களைத் தாக்கினார்கள். மருந்து வந்து ஒரு வருடம் ஆகியும் நோயாளிக்குப் போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளியில் இருந்தவர்கள் யார் என்று யோசியுங்கள். புதுப் போன் வாங்கக்கூடியவர்கள் இல்லை.

எங்கள் வீட்டு அன்ட்ரொய்ட் போன் கொரோனா காலத்தில் தங்கச்சியின் சூம் வகுப்புக்காக வாங்கியது, அதுவும் பாவித்த போன். அம்மாவின் நாலு மாதக் கைக்காசு அதில் இருக்கிறது. செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தேன். பாதுகாப்பு அப்டேட் திகதி 2019 என்று இருக்கிறது. “அப்டேட் இருக்கா” என்று அழுத்தினால், “உங்கள் போன் புதுப்பித்த நிலையில் உள்ளது” என்று பதில் வருகிறது. இதை நான் பொய் என்றுதான் சொல்வேன். நிறுவனம் கைவிட்டதை, எல்லாம் சரி என்று மொழிபெயர்த்துச் சொல்கிறது. அந்தப் போனில்தான் இப்போது பேங்க் மெசேஜ் வருகிறது, ஐடி கார்ட் படம் இருக்கிறது, கொழும்பில் வேலை செய்கிற அண்ணன் காசு போடுகிற கணக்கு இருக்கிறது.

அரசாங்கமும் இதில் எங்களை விட மேலே இல்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுடைத் தாக்கி, அரசு மின்னஞ்சல் பாவித்த அலுவலகங்களின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு போனது. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள். பாவித்துக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013, அதற்கான ஆதரவு அந்த வருடம் ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. அது கர்னல் ஓட்டை இல்லை, வேறு வகைத் தாக்குதல்தான். ஆனால் தவறின் இரண்டாம் பாதி ஒன்றேதான்: கண்டுபிடித்துத் திருத்துவது ஒரு ஊரில் நடக்கிறது, திருத்தம் வந்து சேராமல் இருப்பது எங்கள் ஊரில் நடக்கிறது.

எனவே நண்பனுக்கும் வாசிக்கிற உங்களுக்கும் என் பக்கத்துக் கோரிக்கைகள் இவை. போன் விற்கிற கடையில், புதுசோ பழசோ, எந்தத் திகதி வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். பால்மா பக்கெட்டில் காலாவதித் திகதி இல்லாமல் விற்க விடுவோமா? பாடசாலைகளுக்கு டெப் கொடுக்கிற எவரும், அரசாங்கமோ தொண்டு நிறுவனமோ, அந்தத் திகதியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கணினி படிக்கிறவர்கள், பயனர் தந்த முகவரியை நம்பாதே, ஒருமுறை மட்டும் வாசி, தராத இடத்தைத் தொடாதே என்ற மூன்றையும் இறுதி வருடத்தின் விருப்பப் பாடமாக இல்லாமல் முதல் வருடத்திலேயே படிக்க வேண்டும். கலைப்பீடத்தில் இருக்கிற நாங்கள் இதை வாசிக்க வேண்டும், எழுத வேண்டும், தமிழில். முகவரி, நம்பிக்கை, அதிகாரம், யார் யாரைச் சோதிப்பது என்பதெல்லாம் எங்கள் பாடம்தானே. கோப்பின் பெயர் ‘.சி’ என்று முடிவதால் அது வேறு உலகமாகிவிடாது.

தோட்டத்துக் கடிதப் பிரச்சினைக்கும் எத்தனையோ பேர் சொன்ன தீர்வு “கிளாக்கர் கொஞ்சம் பொறுப்பா இருக்கணும்” என்பதுதான். கிளாக்கர்கள் மாறினார்கள், கடிதம் தொலைவது மாறவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண், ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் தபால்காரர். அதுதான் தீர்வு. கர்னலிலும் அதேதான்.

நண்பன் இதை வாசிப்பான் என்று தெரியும். மச்சான், தேத்தண்ணி நான் வாங்கித் தாறேன். வரும்போது உன் போனின் அப்டேட் திகதியைப் பார்த்துக்கொண்டு வா.